கிண்ணத்தின் அடியில் ஒரு கீறல்

பாதிக் கீறல் அழிந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தினேன்.

திருவண்ணாமலையில் ஒரு வெள்ளிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். பாலிஷ் போடுவது, பழைய பொருளின் தரம் பார்ப்பது இரண்டும் என் பொறுப்பு. செங்கம் ரோட்டில் பல வருடமாகத் தங்கியிருக்கும், நன்றாகத் தமிழ் பேசும் நெதர்லாந்துக்காரம்மா ஒருவர் தன் குடும்பத்துச் சர்க்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். இருநூறு வருடத்துக்கும் மேல் பழையது.

“இது நியோகிளாசிக்கல் ஸ்டைல்க்கா. பழைய கிரேக்கக் கோயில் தூணப் பாத்து அப்ப இப்படி செஞ்சாங்க,” என்றார்.

விளிம்பில் முத்துக் கோத்ததுபோல ஒரு வரிசை. ஒன்றுகூடப் பெரிதில்லை, சிறிதில்லை. உடம்பில் நேர்நேரான பள்ளங்கள், நடுவில் ஒரே ஒரு இலை மாலை. எங்கள் தட்டுகளில் துளி இடம் விடாமல் பூ வைப்போம். இதில் வெறும் இடத்தைத் துணிந்து விட்டிருந்தார்கள். வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்த்ததெல்லாம் மேலேதான். கவிழ்த்தபோது அடியில் வளைந்து வளைந்து ஒரு கீறல். யாரோ தரையில் இழுத்திருக்கிறார்கள் என்று நினைத்து மோட்டாரில் சுற்றும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துவிட்டேன். பாதி போனதும்தான் உறைத்தது. தற்செயலாக விழுந்த கீறல் இப்படி ஒரே அளவில் மடங்கிப் போகாது. பழைய சொம்பு வந்தால் நானும் கண்ணில் படாத அடியில் சுரண்டித்தானே தரம் பார்க்கிறேன்? எங்கோ ஒரு ஊரில், எனக்கு இருநூறு வருடம் முன்னால், என் வேலையைச் செய்தவர் சுரண்டியது அது.

முதலாளியிடம் சொன்னேன்.

“சும்மா இரு செல்வி. அடியில யாரு பாக்கப்போறாங்க? சொன்னா உன் வேலைதான் போவும்.”

என் மகளின் நர்சிங் படிப்பு இந்த வேலையில்தான் நடக்கிறது. ஆனாலும் அந்தம்மா வந்ததும் நானே கவிழ்த்துக் காட்டினேன்.

மீதிப் பாதியை விரலால் தடவினார். “வெள்ளிய டெஸ்ட் பண்ணவர் போட்ட கீறல்க்கா,” என்றார். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இப்ப சந்தோஷமா?” என்றார் முதலாளி. அதன்பின் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்தம்மா அதே செட்டின் பால் குவளையோடு வந்தார். “உங்ககிட்டதான் குடுக்கணும்னு வந்தேன்.”

முதல் வேலையாகக் கவிழ்த்தேன். அடியில் மருந்துக்கடை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“இங்க மட்டும் பாலிஷ் வேணாங்க்கா,” என்று சிரித்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எதையும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். கீறல் யார் போட்டது என்று கேளுங்கள். பிறகு மோட்டாரைப் போடுங்கள்.

அந்தப் பால் குவளைக்கு நான் மோட்டாரே போடவில்லை. துணியால்தான் துடைத்தேன்.