மொட்டை மாடியில் காய்ந்த காப்பி

விருத்தாசலத்து வெயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள் என் தங்கைதான். பீங்கான் பட்டறையில் சூளைப் பக்கம் நின்று வேகிற எனக்கு அதைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது.

அவளும் மாப்பிள்ளையும் ஏற்காட்டு மலையில் ஒரு துண்டு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அங்குள்ள சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் உறுப்பினர்கள். உரமும் பூச்சி மருந்தும் படாத காப்பி என்று சான்று வாங்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டுமாம். சாணத்தையும் தழையையும் போட்டே ஓட்டினார்கள். விளைச்சல் பாதியானது. அத்தனை நாளும் தங்கை ஒரு நல்ல புடவை எடுக்கவில்லை.

சான்று கிடைத்து வந்த முதல் அறுவடையில் மலையில் மழை விடவே இல்லை. பறித்த பழம் பூஞ்சை பிடித்துவிடும் என்று, சங்கத்தில் சொல்லிவிட்டு, மூட்டைகளை வேனில் ஏற்றி எங்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தார்கள்.

தார்ப்பாயில் பரப்பிய பழம் பலாச்சுளை மாதிரி மணத்தது. அவர்கள் மலைக்குத் திரும்பிவிட, என் மனைவிதான் அதைப் பார்த்துக்கொண்டாள். அடிக்கடி மேலே போய்க் கிளறுவாள், சாயந்திரம் மூடுவாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்தாயா என்று கேலி செய்தேன்.

எடுத்துப்போக இருவரும் வந்தார்கள். பழம் கருத்துச் சுருங்கி, அள்ளினால் கலகலவென்றது. தங்கை அப்படிச் சிரித்து நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

"இனிப்புக்கு எறும்பு மொய்ச்சிடுச்சிம்மா. நான் வுடுவேனா? சுத்தியும் எறும்புப் பொடி போட்டேன். மேலயும் கொஞ்சம் தூவுனேன். ஒண்ணு இருக்குதா பாரு" என்றாள் என் மனைவி.

எங்கள் தெருவில் எது காய்ந்தாலும் சுற்றிப் பொடி போடுவது வழக்கம்தான். தங்கையின் கை அப்படியே நின்றது. பிறகு, "நல்லா காய வச்சிருக்கீங்க அண்ணி" என்றாள்.

மனைவி டீ போடக் கீழே போனதும் மாப்பிள்ளையிடம், "யாருக்குத் தெரியப் போவுது? பேசாம கொண்டுபோயி குடுங்க" என்றேன்.

"சங்கத்துல எல்லாரு காப்பியும் ஒண்ணாதான் கலக்குறாங்க மச்சான். எங்களுதுல மருந்து இருந்தா அத்தன பேருக்கும் சான்று போச்சு."

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணிகிட்ட சொல்லாதண்ணே. தாங்க மாட்டாங்க."

சங்கத்தில் நடந்ததை உள்ளபடி சொன்னார்கள். விஷம் பட்டதை வேறு யாருக்கும் விற்க மனம் வராமல் மாப்பிள்ளை குழி வெட்டிக் கொட்டினார். குத்தகை கட்ட வழியில்லை, தோட்டம் கைமாறியது. புதிதாக எடுத்தவர் வந்த வாரமே பூச்சி மருந்து அடித்தாராம். அதைக் கேட்ட அன்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பட்டறையில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

இப்போது இருவரும் சேலத்தில் தறிக்கொட்டகைக்கு வேலைக்குப் போகிறார்கள். போனில் தங்கை அண்ணியிடம், மலையில் குளிர் தாங்கவில்லை என்கிறாள். பின்னால் தறிச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இந்த வருஷமும் மார்கழி பிறந்ததும் மனைவி மாடியைக் கழுவிவிட்டாள். "காப்பி எப்ப வருதுன்னு உங்க தங்கச்சிய கேளுங்க" என்றாள். கேட்கிறேன் என்றேன். அவள் வாங்கிவந்த மளிகைப் பையைப் பிரித்தேன். பருப்புக்கும் புளிக்கும் நடுவில் எறும்புப் பொடி இரண்டு டப்பா இருந்தது.