அத்தையின் செயற்கைக்கோளும் என் வாயும்

வெளியே கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவர் திரும்பி வரக் கூடாது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம் இது. பத்து வயதில் நான் அதை மீறினேன், அதுவும் ராக்கெட் விஷயத்தில்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கர்நாடகத்தில் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து இயக்கும் நிலையத்தில் இருந்தாள். புதிய தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றுக்காக வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாள். அதை ஏவுவதற்கு முந்தின வாரம் எங்களைப் பார்க்க வந்துவிட்டு, ஆலுவாவில் ரயில் பிடிக்கக் கிளம்பினாள். அடையாள அட்டை மேஜைமேலேயே கிடந்தது. "அத்தை" என்று கத்திக்கொண்டு, சுக்கு மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே ஓடினேன். அவள் பாதித் தெரு திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "பின்னாலேர்ந்து விளிச்சுட்டியேடி. யார்கிட்டயும் மிண்டாதே." நான் வாயைத் திறக்கவில்லை.

ஏவிய சாயங்காலம் டிவியை விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். வெடித்தால் நான்தான் காரணம். நல்லவேளை, ராக்கெட் அழகாக மேலே போய்ச் செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அப்பாடா என்று நானும் இரண்டு தின்றேன்.

போனில் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இனிமேதான் கஷ்டம். அதுவே எஞ்சினைக் கொளுத்தி முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறணும். மூணு தடவை கொளுத்தணும். அப்பறம்தான் பூமியோட சேர்ந்து சுத்தி, ஒரே எடத்துல நிக்கற மாதிரி நிக்கும்."

முதல் தடவை சரியாக நடந்தது. இரண்டாவதும். அதன்பின் செயற்கைக்கோளிடமிருந்து பேச்சே இல்லை. நாள் கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம்.

அடுத்த மாதம் அத்தை வந்தாள். விசாரித்தவர்களிடமெல்லாம் "சாரமில்லை, போனாப் போறது, வேற ஒண்ணு விடுவோம்" என்று சொல்லிச் சாயா குடித்தாள். மாடியில் அவள் தனியாக இருந்தபோது எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். "நான் பின்னாலேர்ந்து விளிச்சதாலதான் அத்தை."

அம்மாவின் சட்டங்களை வீட்டில் கேலி செய்கிற ஒரே ஆள் அவள்தான். சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நன்னா யோசிச்சுச் சொல்லு" என்றாள் அத்தை. "நான் திரும்பி வந்தேனா, இல்லை அங்கயே நின்னு வாங்கிண்டேனா?"

என்னைத் திட்டத்தான் கேட்கிறாள் என்று பயந்து போனேன். "அங்கயேதான் நின்னேள்" என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "அப்போ நான் திரும்பி வரலை" என்று நீளமாக மூச்சு விட்டாள். எதற்கு அப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்லித் தப்பித்தேன் என்று விளையாட ஓடிவிட்டேன்.