ஹெட்போன் இல்லாத டிரம்ஸ்

பழைய எலக்ட்ரானிக் டிரம்ஸ் ஒன்று வாங்க இன்று கெல்சென்கிர்ச்சன் நகருக்குப் போனேன். விற்பவர் நம்மூர் அண்ணை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கால் இயங்காது.

விலையைக் குறைத்துக் கேட்க வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.

"வேலை செய்யுதோ எண்டு பாப்பம். வலது காலால அமத்துற பெடலை நீங்கள் அமத்துங்கோ தம்பி" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் தரையில் குந்தியிருந்து, அவர் தலையசைத்தபோதெல்லாம் பெடலைக் கையால் அழுத்தினேன். டிரம்ஸின் ஒலி ஹெட்போனுக்குள் மட்டும்தான்; எனக்குக் கேட்டது ரப்பரில் குச்சி படும் சத்தம் மட்டும்தான். அவர் கண்ணை மூடியபடி ஒரு முழுப் பாட்டை வாசித்து முடித்தார்.

"ஓம், வேலை செய்யுது. கொண்டு போங்கோ."

சொன்ன விலையையே கொடுத்தேன். எல்லாவற்றையும் காரில் ஏற்றிய பிறகும் ஹெட்போன் அவர் கழுத்திலேயே கிடந்தது. அதைக் கேட்காமலே காரை எடுத்தேன்.

உங்கள் வீட்டில் பழைய ஹெட்போன் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். அதுவரை எனக்கு இங்கேயும் ரப்பர் சத்தம்தான்.