ரெண்டு மனசுக்குக் கட்டமில்லாத படிவம்

அந்த நில எடுப்பு அதிகாரி பொய் எழுதினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

சாணார்பட்டிப் பக்கம் புறவழிச்சாலைக்கு நிலம் எடுக்கச் சம்மதம் கேட்டு நிலக்காரர்களான எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா. காதில் தோடு இல்லை, துளையில் வேப்பங்குச்சி. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வார்.

“சம்மதமா, இல்லையா?” என்றார் அதிகாரி.

“ரெண்டு மனசா இருக்கு சார். ரோடு வந்தா எம்புருசன டயாலிசிசுக்குக் கூட்டிட்டுப் போற அலைச்சல் கொறையும். ஆனா சம்பங்கித் தோட்டம் அம்புட்டும் போயிரும்.”

“இது என்னம்மா கொழப்பம்? ஒண்ணச் சொல்லு.”

“கொழப்பமில்ல சார். ரெண்டுமே தெளிவாத்தான் இருக்கு. கருப்பசாமிகிட்டப் பூப்போட்டுக் கேட்டேன். வலது பூ விழுந்தா சரி, இடது விழுந்தா வேணாம். ரெண்டும் விழல. அப்படின்னா இன்னொரு நாள் வான்னு அர்த்தம். சாமியே தவணை குடுக்குது, நீங்க குடுக்க மாட்டீகளா?”

எல்லோரும் சிரித்தோம். அடுத்த கூட்டத்தில் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்து போனார். அதிகாரி ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

“இல்லைன்னு அந்தம்மா சொல்லலையே” என்றார்.

நான் யோசிக்காமல் ‘மறுப்பு’ என்று எழுதிக் கொடுத்தவன். இரண்டு பக்கத்தையும் நேராகப் பார்த்தவர் அங்கே அந்த அம்மா ஒருவர்தான். அவர் கொடுக்காத சம்மதம் எங்கிருந்து வந்தது? வருகிற கிராமசபையில் அந்த அதிகாரி எழுந்து நின்று, ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டும்.