கார் ராமையன் யாருக்கும் சொல்லாத வயல்

என் மூத்த பேரன் ஜெர்மனியில் இன்ஜினியர். பேத்தி டாக்டருக்குப் படித்து முடித்து திருச்சியில் வேலை பார்க்கிறாள். சின்னவன் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி. கடைக்குட்டி பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட்.

இவர்கள் அத்தனை பேரையும் ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஏற்றிக்கொண்டு போன நம்ம கார் ராமையன் இன்று காலையில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஊரையே ஏற்றிப் போனவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நன்னிலத்திலிருந்து ஒரு கார் வரவேண்டியிருந்தது.

அழுகை வருகிறது. ஆனால் கோபம்தான் முன்னால் வருகிறது.

நம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து யாரை அனுப்பினாலும் சுற்றிக் காட்டுவது நான் தம்பி என்று கூப்பிடுகிற ராமையன்தான். தாராசுரம், பெரிய கோயில், நாகூர் தர்கா, வழியில் ஒரு இளநீர். இங்கிலீஷ் எங்கே கற்றாரோ தெரியாது, அவர் பேசினால் காருக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நம் தெருவுக்கு மட்டும் கூட்டி வரமாட்டார். இதே தெருவில் பிறந்த மனுஷன்... மெயின் ரோட்டிலேயே கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

"இங்க என்ன அண்ணி இருக்கு பாக்க? கோபுரமா இருக்கு?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட நம்ம வயலு இருக்குல்ல. அதக் காட்டுங்க."

"வயலு வழி பூராந்தான் இருக்கு. ஏசியப் போட்டுக்கிட்டு கண்ணாடி வழியா பாத்துக்குவாங்க."

எந்த வயலைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன...

அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டோம் என்பதற்காகப் பண்ணையார் வெளியூர் ஆளை இறக்கி அறுக்கப் பார்த்த வயல் அது. நான் கல்யாணமாகி வந்த புதிது. தெருவே போய் வரப்பில் நின்றது. நடுவயலில் செங்கொடியை நட்டது ராமையனுடைய அப்பா.

அடி விழுந்தது. அதற்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேலே ஏறவே இல்லை. சாகிற வரைக்கும் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டது ராமையன்தான்.

அப்புறம் சட்டம் வந்தது, கேஸ் நடந்தது, ஆட்சி மாறியது, திரும்பவும் மாறியது... ஒரு வழியாகப் பட்டா நம் கைக்கு வந்தது. மேலே சொன்னேனே, அந்தப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டு வளர்ந்தது அந்த வயலில் விளைந்த நெல்.

கோயில் கட்டின ராஜாவைப் பற்றி வருகிறவர்களுக்கு அவ்வளவு சொல்கிறோம். இதை ஏன் சொல்லக்கூடாது? நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள், எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. தெரிந்திருந்தால் இவரை எதற்குக் கெஞ்சுகிறேன்.

போன மாசியில் பெரியவனோடு வேலை பார்க்கிற ஜெர்மன்காரரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். நான் மெயின் ரோட்டுக்கே போய்க் காரை மறித்து நின்றுவிட்டேன். "ரோட்டுக்கு வந்து மறியல் பண்ணுற வயசா அண்ணி இது" என்று முனகிக்கொண்டே தம்பி வண்டியைத் திருப்பினார்.

அறுப்பு முடிந்திருந்தது. அறுத்த நெல் தாளுக்கு நடுவில் உளுந்து முளைவிட்டிருந்த நேரம். வரப்பில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, அடி, ஆம்பளைகளை ஜீப்பில் ஏற்றியது, நாங்கள் கைப்பிள்ளையோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது... ஒன்று விடவில்லை.

நான் முடித்ததும் தம்பி இங்கிலீஷில் சொன்னார். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டு "குட், குட்" என்றார்கள்.

அடி வாங்கினதற்கு யாராவது குட் சொல்வார்களா?

"என்ன தம்பி சொன்னீங்க?"

"இங்க நெல்லு நல்லா வெளையும்னு சொன்னேன்."

"நான் சொன்னது அதுவா?"

"லீவுக்கு வந்துருக்காங்க அண்ணி. ஊரு பாக்க வந்தவங்கள அழ வச்சா அனுப்புறது?"

"உங்க அப்பா கொடி நட்டதக் கேட்டா அவங்க ஏன் அழுவுறாங்க?"

"அவங்க அழ மாட்டாங்க..." என்றார். அதோடு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு நான் விடவில்லை. கார் வரைக்கும் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

போன வாரம்கூடக் கேட்டேன். பொங்கலுக்குச் சின்னவன் சிங்கப்பூரிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். "இந்தத் தடவ முழுசா சொல்லிர்றேன் அண்ணி, போதுமா? காரை வந்து மறிக்காதீங்க" என்று சிரித்தார். பொங்கல் வரைக்கும் இருக்க முடியவில்லை அவருக்கு. இப்போது யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது...

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

காலையிலிருந்து இந்த குரூப்பில் எல்லாரும் போடுகிற தம்பி படம் தாராசுரம் வாசலில் எடுத்தது. கூலிங் கிளாஸ், பக்கத்தில் யாரோ டூரிஸ்ட்டுடைய பாதித் தோள். அது வேண்டாம். ஃபிளெக்ஸ் அடிக்கப் போயிருக்கிற பிள்ளைகளும் கொஞ்சம் பொறுங்கள்.

அன்றைக்கு அந்த ஜெர்மன்காரம்மா ஒரு போட்டோ எடுத்தார். தம்பி செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு, உளுந்தை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்துபோய் நடுவயலில் நின்றார். அங்கே நிற்கச் சொல்லி அந்தம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவருடைய அப்பா கொடி நட்ட இடம் அது.

தம்பி... பார்த்துப் போங்க. அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்க.

பெரியவனே, இதைப் பார்த்ததும் அந்தம்மாவிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி இங்கே போடு. நாளைக் காலையில் எடுக்கிறார்கள், அதற்குள் போடு.