எஸ்தரம்மா போன பதினாறு மணி நேர ஃப்ளைட்

மதுராந்தகத்தில் நான் டிக்கெட் போடும் வேலை பார்த்த டிராவல்ஸின் ஓனருக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று நெட்டில் பார்ப்பார். அதை ஃப்ளைட்டின் வேகத்தால் வகுப்பார். வருகிற விடைதான் பயண நேரம். அவர் அதுவரை ஃப்ளைட் ஏறியதில்லை. அது அவருடைய தன்னம்பிக்கையைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

நான் லீவில் இருந்த வாரம், படாளம் எஸ்தரம்மாவுக்கு டொரண்டோ டிக்கெட்டை அவரே போட்டார். எஸ்தரம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்து ரிட்டயர் ஆனவர். மகள் ஷீபாவின் பிரசவத்துக்குப் போகிறார். முதல் விமானப் பயணம், துணைக்கு ஆள் இல்லை, சர்க்கரைக்குத் தினமும் இன்சுலின் ஊசி.

நான் திரும்பி வந்த அன்று மதியம் ஷீபா போன் செய்தாள்.

"அக்கா, பதினாறு மணி நேரம்னு சார் சொன்னாரு. அம்மா இன்னும் வரல. ஏர்போர்ட்லயே நின்னுகினு கீறேன்."

நிறைமாத வயிறு. அங்கே விடியக்கூட இல்லை.

ஓனரைப் பார்த்தேன். "எதிர்காத்தா இருக்கும்மா," என்றார்.

டிக்கெட்டைத் திறந்தேன். வளைகுடாவுக்கு நாலரை மணி நேரம். அங்கே ஃப்ளைட் மாற பதினைந்து மணி நேரம் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் டொரண்டோ ஃப்ளைட், அது ஒரு பதினாலு. எஸ்தரம்மா பாதி வழியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவோட ஊசி எங்க கீது?" என்று ஷீபாவிடம் கேட்டேன்.

"பெரிய பெட்டில. கைல எடுத்துனு போனா செக்யூரிட்டில புடுங்கிடுவான், எறங்கினதும் போட்டுக்கோன்னு சார்தான் சொன்னாராம்."

டாக்டர் வேலையையும் சேர்த்தே பார்த்திருக்கிறார். அந்தப் பெட்டி டொரண்டோவில்தான் கைக்கு வரும்.

ஏர்லைன்ஸ் ஆபீசைப் பிடித்துப் பெயர், வயது, இன்சுலின் விஷயம் எல்லாம் சொன்னேன். அங்குள்ள ஆட்களை அனுப்பித் தேடுவதாகச் சொன்னார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனர் வடை வாங்கி வரச் சொல்லிவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நம்ம கணக்கு கரெக்ட்டும்மா. வழில நிறுத்தறது அவன் தப்பு."

ஒரு வழியாகத் தகவல் வந்தது. எஸ்தரம்மா எழுந்து நிற்க முடியாமல் ஒரு நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாராம். ஏர்போர்ட் கிளினிக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வைத்து அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றிவிடுவார்கள். ஷீபாவிடம் சொன்னதும் அவள் அழத் தொடங்கினாள். அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து எஸ்தரம்மா ஆபீசுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. ஓனருக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்.

"நைனா, உன் கணக்குல நானு நடுவுல எறங்கவே இல்ல. அப்ப அங்க அவ்ளோ நேரம் குந்தினு இருந்தது யாரு?"

ஓனர் வகுத்துப் பார்க்கவில்லை. "டீ சாப்பிடறியாம்மா?" என்றார்.

"வோணாம். உன் டீ எத்தினி மணி நேரத்துல வருமோ," என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தூரத்தை யார் வேண்டுமானாலும் நெட்டில் பார்த்துக்கொள்வார்கள். இங்கே வீட்டிலிருந்து கிளம்பி அங்கே மகள் வீட்டு வாசலில் போய் நிற்கும்வரை எவ்வளவு நேரம் என்று நீங்கள் சொல்லுங்கள். மருந்து கைப்பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கேட்கக் கம்ப்யூட்டரில் கட்டம் கிடையாது. வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும்.