இடது கை தூக்கிய ரோபோ

விஜயநகரில் மாடி வீடு, சொந்த அச்சுப் பட்டறை, தம்பிக்கு என்ஜினியரிங் படிப்பு. எல்லாம் ஏழாவதோடு பள்ளியை விட்ட நான் உண்டாக்கியவை. போன ஞாயிறு தம்பி எங்கள் குடும்பத்துக்கே ஒரே மாதிரி ரோபோ டீ-ஷர்ட் கொடுத்தான். புது மையின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பதிமூன்று வயதாகிவிட்டது.

அப்போதுதான் தேவராஜ மொஹல்லா பகுதியில் துணியில் அச்சடிக்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டிவி தொடரில் வரும் ரோபோவை நானே வரைந்து, வீட்டில் நான்கு பேருக்கும் பனியனில் அச்சடித்தேன். அச்சுக்கான படம் இருந்த ஃபிலிமைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டதால், ரோபோ வலது கைக்குப் பதில் இடது கையைத் தூக்கி நின்றது.

அம்மா சிரித்தாள். "அதனாலென்னடா, நாமளும் இடது கையே தூக்கலாம்."

ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டு டிவி முன்னால் நால்வரும் தூக்கினோம்.

"எங்க வாங்கினீங்க சார்?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

"பெங்களூர்ல, நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார் அப்பா. மகன் வேலைக்குப் போகிறான் என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

இப்போது தம்பியும் டீ-ஷர்ட்டில் இருந்த அதே இடது கை ரோபோவைக் காட்டித் தன் பிள்ளைகளிடம், "இது தாத்தா வாங்கிட்டு வந்த டிசைன், கை தூக்குங்க" என்கிறான்.

"டேய், அதை அடிச்சது நான்டா!"

"சும்னிரு அண்ணா, சும்மா இரு. எல்லாத்துக்கும் நான்தான்னு சொல்வே."

சொல்வேன்தான். அடித்தது பெரியப்பா என்று அந்தப் பிள்ளைகளிடம் அவன் வாயாலேயே, என் முன்னால் சொல்லட்டும். அதுவரை இந்தச் சட்டையை நான் போடுவதாக இல்லை.